அழுகையை நிறுத்துவதில் நான் கெட்டிக்காரி

போன மாதம் எங்கள் பள்ளிக்கூடத்தில் எல்லோரையும் கம்ப்யூட்டர் ரூமில் உட்கார வைத்து ஒரு பயிற்சி கொடுத்தார்கள். பிள்ளைகளிடம் தப்பாக நடக்கிற ஆட்களை எப்படித் தடுப்பது, பிள்ளை வந்து சொன்னால் என்ன செய்வது என்று. டீச்சர்கள், ஆயாக்கள், வாட்ச்மேன், வேன் ஓட்டுகிறவர், ஞாயிற்றுக்கிழமை மறைக்கல்வி எடுக்கிற பெண்கள், கோயில் பாட்டுக் குழு, ஒருத்தரையும் விடவில்லை. சர்ச்சுக்கு நாங்கள் கோயில் என்றுதான் சொல்வோம். நான் ரிடையர் ஆகிப் பல வருஷம் ஆகிவிட்டது. ஆனாலும் பீடத்துக்குப் பூ வைக்க வாரத்தில் மூன்று நாள் உள்ளே போகிறேன் இல்லையா, அதனால் நானும் உட்கார வேண்டும் என்று இப்போதைய ஹெட்மிஸ்ட்ரஸ் சொல்லிவிட்டார். சரி என்று உட்கார்ந்தேன்.

திரையில் ஒரு அம்மா நிதானமாகப் பேசினார். கடைசியில் பத்துக் கேள்வி. கம்ப்யூட்டர் டீச்சர் ஜெனிஃபர் ஒவ்வொன்றாகப் படித்துச் சொல்ல, நான் பதில் சொல்ல, அவள் அமுக்கினாள். பத்துக்குப் பத்து வந்தது. என் பேர் போட்டு ஒரு சர்டிபிகேட்டும் வந்தது. இந்த வயசில் எனக்குக் கிடைத்த முதல் சர்டிபிகேட். கண்ணாடி போட்டு டி.வி.க்கு மேலே மாட்டியிருக்கிறேன். வருகிறவர்கள் எல்லோரையும் பார்க்க வைக்கிறேன்.

"ஆயா, டிகிரி படிச்ச நானே எட்டுதான் எடுத்தேன். நீ எப்படி ஆயா?" என்று ஜெனிஃபர் கேட்டாள்.

"இதெல்லாம் நான் தொண்ணூறுகள்லயே பாஸ் பண்ணவ. முதல்ல ஃபெயில் ஆயிட்டு அப்புறம் பாஸ் பண்ணேன்" என்றேன்.

அந்தக் கதையைப் பள்ளி மலருக்கு எழுதிக் கொடு என்று அன்றைக்குப் பிடித்தவள் விடவில்லை. நான் எழுத்துக் கற்றுக்கொண்டது நாற்பது வயசுக்கு மேலே, குப்பத்தில் சாயங்கால வகுப்பில். ஒரு பக்கம் எழுத எனக்கு ஒரு பகல் வேண்டும். பரவாயில்லை, எனக்கு என்ன அவசரம். எழுத்துப் பிழையை ஜெனிஃபர் திருத்தலாம், பேச்சைத் திருத்தக் கூடாது என்று கண்டிஷன் போட்டிருக்கிறேன்.

நான் வேலைக்குச் சேர்ந்த கதை பெரிசு இல்லை. மயிலாப்பூரில் வீடு வீடாக மீன் விற்றுக்கொண்டிருந்தேன். கன்னியர் மடத்துக்கும் கொடுப்பேன். அங்கே இருந்த ஒரு வயசான சிஸ்டர், மீன் வாங்கும்போது நான் அவர்கள் கேட்டில் அழுதுகொண்டிருந்த ஒரு பிள்ளையைச் சமாதானம் செய்ததைப் பார்த்தார். மறுநாளே பள்ளிக்கூடத்தில் ஆயா வேலை. பெருக்குவது, தண்ணீர் பிடிப்பது, பிள்ளைகளைக் கால் கழுவ வைப்பது, காலையில் கேட்டில் நின்று பிள்ளைகளை உள்ளே கொண்டு வருவது.

அந்தக் கடைசி வேலையில் என்னை அடிக்க மெட்ராஸிலேயே ஆள் கிடையாது. ஜூன் மாதம் பள்ளி திறந்தால் எங்கள் கேட்டில் அழுகைச் சத்தம் லஸ் வரைக்கும் கேட்கும். ஒரு பிள்ளை அம்மா கழுத்தைக் கட்டிக்கொள்ளும். இன்னொன்று தரையில் புரளும். ஒரு பையன், மாட வீதிப் பக்கத்து வீட்டுப் பிள்ளை, "நான் ஆத்துக்குப் போணும், ஆத்துக்குப் போணும்" என்று ஒரே பாட்டு. "ஆத்துக்குத்தான்டா ராஜா போறோம், இப்டிக்கா போனா சீக்கிரம் வந்துடும்" என்று தூக்கிக்கொண்டு போய் எல்.கே.ஜி.யில் விட்டுவிடுவேன். என் இடுப்பு முடிச்சில் எப்போதும் ஆரஞ்சு மிட்டாய் இருக்கும். மிட்டாய்க்கு மசியாததை மீன் தொட்டி காட்டுவேன். அதற்கும் மசியாததைத் தோளில் போட்டு முதுகில் தட்டிக்கொண்டே நடப்பேன். வகுப்பு வாசல் வருவதற்குள் விக்கல் மட்டும்தான் பாக்கி இருக்கும்.

எங்கள் வாட்ச்மேன் நாகரத்தினம் பார்த்துவிட்டுச் சொல்வான்: "இன்னா புஷ்பம், உன்ன இட்னு போய் பீச்சுல நிக்க வச்சா அலை சத்தங்கூட நின்னு பூடும் போல கீதே."

அம்மாக்கள் எல்லோரும், புஷ்பம் கையில் கொடுத்தால் போதும் என்பார்கள். பதினாறு வருஷம் அப்படி இருந்தேன். பெருமையாகத்தான் இருந்தேன். இப்போதும் பெருமைதான், ஆனால் வேறு விஷயத்துக்கு.

தொண்ணூறுகளில் எங்களுக்குப் புது ஹெட்மிஸ்ட்ரஸாக சிஸ்டர் பிலோமி வந்தார். ஒல்லி, உயரம். வெள்ளை அங்கிக்குக் கீழே கேன்வாஸ் ஷூ. நடந்தால் நாம் ஓட வேண்டும். சத்தம் போட்டு நான் கேட்டதே இல்லை. எதைச் சொன்னாலும் "ஏன்?" என்று கேட்பார். கேட்டுவிட்டு, நாம் பதில் சொல்லி முடிக்கும்வரை நம் முகத்தையே பார்ப்பார். அதற்கு ஒரு அடி வாங்கிக்கொள்ளலாம்.

அவர் பெங்களூரில் நாலு நாள் ஏதோ பயிற்சிக்குப் போய்விட்டு வந்தார். வந்த மறுநாள் கையோடு ஒரு ஆசாரியைக் கூட்டி வந்து, வகுப்பறைகளில் உள்பக்கம் இருந்த தாழ்ப்பாளை எல்லாம் கழற்றச் சொல்லிவிட்டார். ஆசாரி ஒரு கோணிப்பை நிறைய அள்ளிக்கொண்டு போனார். பாதி டீச்சர்களுக்கு முகம் சுருங்கிப்போயிற்று.

"இன்னா சிஸ்டர் இது, திருடனுக்குத் தோதா பண்றீங்களே?" என்று நாகரத்தினம் கேட்டான்.

"வெளித் தாழ்ப்பாள் அப்படியேதான் இருக்கு, நாகரத்தினம். உள்ள இருந்து பூட்டிக்கிற வேலை பள்ளிக்கூடத்துல யாருக்கும் இல்ல" என்றார் சிஸ்டர்.

ஒரே ஒரு ரூம் மட்டும் தப்பித்தது. பாட்டு ரூம். அது கோயில் கட்டடத்தோடு ஒட்டியது. பள்ளிக்கூடம் சிஸ்டர் பொறுப்பு, கோயில் ஃபாதர் பொறுப்பு. அந்தக் கதவில் கை வைக்க ஃபாதரைக் கேட்க வேண்டும். ஃபாதர், பங்குப் பேரவை என்கிற கோயில் கமிட்டியைக் கேட்டுச் சொல்கிறேன் என்றார். பேரவை அடுத்த கூட்டத்தில் பார்க்கலாம் என்றது.

பிறகு ஒரு சனிக்கிழமை எங்கள் எல்லோருக்கும் ஹாலில் பயிற்சி. அப்போது கம்ப்யூட்டர் ஏது? சிஸ்டரே மேடையில் நின்று நடித்துக் காட்டினார். எந்தப் பெரியவரும் ஒரு பிள்ளையோடு தனியாக மூடிய கதவுக்குப் பின்னால் இருக்கக் கூடாது. வீட்டுக்கு வந்த மாமாவுக்கு முத்தம் கொடு என்று பிள்ளையை வற்புறுத்தக் கூடாது. பிள்ளை ஏதாவது சொன்னால் திட்டக் கூடாது, ஐயோ என்று அலறக் கூடாது, திரும்பத் திரும்பக் கேட்டுத் துளைக்கக் கூடாது. யாரிடமும் சொல்ல மாட்டேன் என்று சத்தியம் செய்யக் கூடாது. நேரே தன்னிடம் வரவேண்டும்.

கடைசியில் சிஸ்டர், "இப்ப நான் ஒண்ணாங் கிளாஸ் பிள்ளை. அழறேன். புஷ்பம், நீ வா" என்று சொல்லிவிட்டு, நிஜமாகவே மூக்கை உறிஞ்சி அழ ஆரம்பித்தார். நான் விடுவேனா? மேடையில் ஏறி, "அடி என் தங்கமே, அழாதடி செல்லம்" என்று முந்தானையால் அவர் முகத்தைத் துடைத்து, இடுப்பு முடிச்சை அவிழ்த்து வாயில் ஒரு ஆரஞ்சு மிட்டாயைத் திணித்துவிட்டேன். ஹால் முழுக்கச் சிரிப்பு. நாகரத்தினம் விசில் அடித்தான். சிஸ்டரும் சிரித்தார். மிட்டாயைக் கன்னத்தில் ஒதுக்கிக்கொண்டு கேட்டார்:

"பிரமாதம். அழுகை நின்னு போச்சு. நான் எதுக்கு அழுதேன் புஷ்பம்?"

எனக்குத் தெரியவில்லை. கேட்கவே இல்லையே.

"அழறது பிள்ளை பேசற பேச்சு. நீ வாயை மூடிட்டே" என்றார். எல்லோரும் மறுபடி சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அதோடு மறந்தும் போனேன். அதுதான் நான் ஃபெயில் ஆனது.

இனிமேல் சொல்வது ஒரு குட்டியைப் பற்றி. அவள் பேரைச் சொல்ல மாட்டேன். பிள்ளையின் பேர் வெளியே போகக் கூடாது என்பது சிஸ்டர் போட்ட சட்டம். இப்போது அவளுக்கே ரெண்டு பிள்ளைகள். என்னைப் பார்த்தால் ஸ்கூட்டியை நிறுத்திப் பேசிவிட்டுத்தான் போவாள். நான் எழுதட்டுமா என்று அவளைக் கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன். "எழுது ஆயா, ஆனா என்ன குண்டுன்னு எழுதாத" என்றாள்.

அப்போது அவள் ரெண்டாங் கிளாஸ். கணீரென்ற குரல். கோயில் திருவிழாவுக்குப் பாட்டுச் சொல்லிக்கொடுக்க ஒருவர் வருவார். பாட்டு சார் என்போம். வெளுத்த வேட்டி சட்டை, நெற்றியில் சிலுவை போடாமல் ஹார்மோனியத்தைத் தொட மாட்டார். ஊரில் நல்ல பேர். நாலு பிள்ளைகளைத் தேர்ந்தெடுத்தார். அதில் தனியாகப் பாட இவளை. வாரம் ஒரு நாள், கடைசி பீரியடில், தனிப் பயிற்சிக்கு அனுப்பச் சொல்வார்.

முதல் வாரம் போனாள். இரண்டாவது வாரம் வகுப்பு வாசலில் நின்று அழுதாள். டீச்சர் என்னைக் கூப்பிட்டார். நான் மிட்டாய் கொடுத்து, தோளில் போட்டு, தட்டிக்கொண்டே போய்ப் பாட்டு ரூமில் விட்டேன். "புஷ்பம்னா புஷ்பந்தான்" என்றார் பாட்டு சார். எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. அடுத்த வாரமும் அதே. அதற்கடுத்த வாரமும். மூன்றாவது தடவை அவள் அழவில்லை. கட்டை மாதிரி விறைத்துக்கொண்டு என் தோளில் கிடந்தாள். அழுகையை மறக்கடித்துவிட்டேன் என்று நினைத்துக்கொண்டேன்.

ஐந்தாவது வாரம் டீச்சர் கூப்பிடுவதற்கு முன்னால் அவளே என்னைத் தேடி வந்தாள். நான் குழாயடியில் டம்ளர் கழுவிக்கொண்டிருந்தேன். பினஃபோர் பாக்கெட்டில் கையை விட்டு மூன்று ஆரஞ்சு மிட்டாயை எடுத்து என் முன்னால் நீட்டினாள். காகிதம்கூடப் பிரிக்கவில்லை. வெயிலில் உருகி ஒட்டிக்கொண்டிருந்தது.

"ஆயா, உன் மிட்டாய நீயே வச்சுக்க. என்ன அங்க இட்னு போகாத."

நான் இத்தனை வருஷம் எத்தனையோ மிட்டாய் கொடுத்திருக்கிறேன். திருப்பிக் கொடுத்த பிள்ளை அவள் ஒருத்திதான். என் கை ஈரம், டம்ளர் நழுவிப் போயிற்று. அப்போதுதான், பதினாறு வருஷத்தில் முதல் தடவையாக, ஒரு பிள்ளையைப் பார்த்துக் கேட்டேன்:

"ஏன் கண்ணு?"

"யாராண்டயும் சொல்ல மாட்டேன்னு மாதா மேல சத்தியம் பண்ணு" என்றாள்.

பிள்ளைகள் கேட்டால் சத்தியம் செய்துவிடுவதுதான் எங்கள் வழக்கம். கை தானாகவே மேலே போயிற்று. பாதியில் நிறுத்தினேன். "சத்தியம் பண்ண மாட்டேன். ஊர்ல யாராண்டயும் சொல்ல மாட்டேன். ஆனா பெரிய சிஸ்டராண்ட சொல்லுவேன். அவங்க உன்னத் திட்ட மாட்டாங்க. உன்ன அங்க அனுப்பவும் மாட்டாங்க" என்றேன்.

இந்தச் சிறுக்கி சொல்லாமல் போய்விடுவாளோ என்று எனக்குப் பயம். பிறகு குழாயைத் திறந்து மூடி, திறந்து மூடிக்கொண்டே சொன்னாள். "சார் கதவ சாத்திட்டு மடியில உக்கார வச்சுக்கிறாரு. வேணாம்னா உட மாட்டேங்கிறாரு. எங்கம்மாவாண்ட சொன்னா பாட்டுலேர்ந்து எடுத்துடுவாராம்." இன்னும் சொன்னாள். அதை நான் இங்கே எழுத மாட்டேன்.

நான் அலறவில்லை. எப்படி அலறாமல் இருந்தேனோ தெரியாது. "நீ சொன்னது ரொம்ப நல்லது. உம்மேல ஒரு தப்பும் இல்ல" என்று மட்டும் சொன்னேன். அவள் கையைப் பிடித்துக்கொண்டு சிஸ்டர் ரூமுக்கு நடந்தேன். வழியில் நாகரத்தினத்தைப் பார்த்து, "நைனா, கேள்வி கேக்காத. நாற்காலிய எட்துனு போய் பாட்டு ரூம் கதவத் தொறந்து வச்சு, வாசல்லயே குந்து. நான் சொல்ற வரைக்கும் எழுந்துக்காத" என்றேன்.

அவன் கேள்வி கேட்கவில்லை. அது ஒன்றே அதிசயம். இவள் முறைக்கு முன்னால் பாடப் போயிருந்த மற்ற மூன்று பிள்ளைகளும் இன்னும் உள்ளே இருந்தார்கள். நாகரத்தினம் வாசலை அடைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டான். கதவைச் சாத்தச் சொன்னதற்கு, "நீ பாடு சார், நமக்குப் பாட்டுன்னா உசுரு" என்றானாம். பெல் அடிக்கும்வரை நகரவில்லை.

சிஸ்டர், குட்டியைப் பக்கத்து ரூமில் ஒரு டீச்சரோடு படம் வரைய உட்கார வைத்தார். அவளை ஒரு கேள்வியும் கேட்கவில்லை. பிறகு என்னை உட்காரச் சொன்னார். அந்த ரூமில் நான் நாற்காலியில் உட்கார்ந்தது அதுதான் முதல் தடவை.

"அந்தப் பாவி என்ன பண்ணியிருக்கான் தெரியுமா சிஸ்டர்" என்று ஆரம்பித்தேன்.

"பாவி, உன் வார்த்தை. அவ வார்த்தையைச் சொல்லு."

சொன்னேன். ஒரு தாளில் கோடு போட்டு இரண்டாகப் பிரித்தார். ஒரு பக்கம் என் கண்ணால் பார்த்தது, இன்னொரு பக்கம் பிள்ளை வாயால் சொன்னது. நான் நினைத்துக்கொண்டதற்கு அதில் இடமில்லை. "அதை மனசுல வச்சுக்கோ, வேண்டிய மட்டும்" என்றார். குட்டி 'உட மாட்டேங்கிறாரு' என்று சொன்னதை 'விடுவதில்லை' என்று மாற்றாமல் அப்படியே எழுதினார். எழுதி முடித்து இரண்டு தடவை படித்துக் காட்டினார். அப்புறம் தலையைத் தூக்கினார்.

"அழுத பிள்ளையை அங்க கொண்டு போய் விட்டது யாரு?"

டீச்சர் கூப்பிட்டார் என்று சொல்லலாம். வேலை போய்விட்டால் திரும்ப மீன் கூடைதான். வீட்டில் மூன்று பிள்ளைகள், புருஷன் கடலுக்குப் போய்க்கொண்டிருந்தவர் கால் முறிந்து கிடக்கிறார். சிஸ்டர் என் முகத்தையே பார்த்தார்.

"நான்தான். மூணு தடவ. மிட்டாய் குடுத்துத் தூக்கினு போனேன். எழுதிக்கோங்க" என்றேன்.

எழுதினார். அப்போது எனக்குக் கையெழுத்துப் போட வராது. கட்டை விரலை மையில் தோய்த்து வைத்தேன்.

அன்று சாயங்காலமே குட்டியின் அம்மாவை வரவழைத்தார். வீட்டு வேலை செய்கிற பெண். கேட்டுவிட்டுத் தன் தலையில் அடித்துக்கொண்டாள். "எம் பொண்ணு ஏதாச்சும் குறும்பு பண்ணிச்சா சிஸ்டர்?" என்று கேட்டாள் பாருங்கள், அதை மட்டும் நான் இன்னும் மறக்கவில்லை. "ஒரு தப்பும் பண்ணல. உங்க பொண்ணு கெட்டிக்காரி, தானா வந்து சொல்லிட்டா" என்றார் சிஸ்டர். அந்த அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு, "போலீசுக்குப் போலாம்" என்றாள். யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை.

மறுநாள் ஃபாதர் ஆபீசில் கூட்டம். ஃபாதர், பங்குப் பேரவைச் செயலாளர், சிஸ்டர், நான். செயலாளர் பாங்கில் பெரிய வேலை பார்த்து ரிடையர் ஆனவர். தாளை இரண்டு தடவை படித்தார்.

"புதன்கிழமைன்னு எழுதியிருக்கே. உங்களுக்குக் காலண்டர் படிக்கத் தெரியுமாம்மா?"

"தெரியாது சார். அன்னிக்குப் புள்ளைங்க வெள்ள யூனிஃபார்ம் போட்டுக்கினு வரும். புதன்கிழமைக்குத்தான் வெள்ள யூனிஃபார்ம். மூணு தடவையும் அவ வெள்ள ஷூவுல பூசியிருந்த சாக்பீஸு என் முந்தானையில ஒட்டிக்கிச்சு. நான்தான் தொவச்சேன்."

ஃபாதர் சிரிப்பை அடக்கிக்கொண்டார். செயலாளர் விடவில்லை. "அந்தப் பிள்ளையை இங்க கூப்பிடுங்க. நாமளே கேட்டுடலாம்."

"ஒரு தடவை சொல்லிட்டா. இனிமே அவ அம்மா பக்கத்துல இருக்க, போலீஸ்ல சொல்லுவா. நாலு பெரியவங்க சுத்தி உக்காந்து கேக்கறதுக்கு அவ வர மாட்டா" என்றார் சிஸ்டர்.

"ஒரு ஆயா பேச்சைக் கேட்டு, இவ்வளவு நல்ல மனுஷனை... இவங்களுக்கும் அவருக்கும் ஏதாவது மனஸ்தாபம் இருக்கலாமில்ல?"

எனக்குச் சுருக்கென்று வந்தது. வாயைத் திறப்பதற்குள் சிஸ்டர் தாளின் கடைசி வரியில் விரலை வைத்தார். "இதைப் படிங்க. 'அழுத பிள்ளையை மூன்று தடவை நான்தான் கொண்டுபோய் விட்டேன்.' பழி போடணும்னு வர்றவங்க தன் தப்புக்கும் சேர்த்து ரேகை வைப்பாங்களா?"

செயலாளர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். ஃபாதர், "பாட்டு ரூம் கதவுக்கு அப்பவே நான் சரின்னு சொல்லியிருக்கணும் சிஸ்டர். என் தப்பையும் எழுதிக்குங்க" என்றார். அவர் நல்ல மனுஷன். பிறகு, "அவரை இனிமே வர வேண்டாம்னு சொல்லிடறேன். வேற எங்கயாவது போகட்டும்" என்றார்.

"எங்க போவார் ஃபாதர்?" என்று கேட்டார் சிஸ்டர். "தியாகராய நகர்ல ஒரு பள்ளிக்கூடம், அடையாறுல ஒண்ணு. ரெண்டு இடத்துலயும் பாட்டு வகுப்பு எடுக்கறார். அங்கயும் ரெண்டாங் கிளாஸ் பிள்ளைங்க இருக்கு."

அப்போதெல்லாம் இப்படி யாரும் எழுத மாட்டார்கள். ஊர் வாய்க்குப் பயந்து மூடிவிடுவார்கள். சிஸ்டர் அன்று ராத்திரியே இரண்டு கடிதம் எழுதிவிட்டார். பிள்ளை பேர் இல்லாமல், இந்த மாதிரிப் புகார் வந்திருக்கிறது, போலீசுக்குப் போகிறோம், உங்கள் பிள்ளைகளிடம் இவரைத் தனியாக விடாதீர்கள் என்று. போனில் சொன்னால் இல்லை என்று சொல்லிவிடலாம், காகிதம் என்றால் முடியாது என்பார். காலையில் அவர் குட்டியையும் அம்மாவையும் கூட்டிக்கொண்டு ஸ்டேஷனுக்குக் கிளம்பினார். என்னிடம் கடிதங்களையும் டெலிவரி நோட்டையும் கொடுத்தார். "கையெழுத்தும் சீலும் வாங்காம திரும்பாத" என்றார்.

அந்தக் கேஸை இங்கேயே சொல்லி முடித்துவிடுகிறேன். சைதாப்பேட்டை கோர்ட்டுக்கு நானும் மூன்று தடவை போய்க் கூண்டில் ஏறினேன். வக்கீல் கத்தினார், நானும் கத்தினேன். வருஷக்கணக்கில் இழுத்தது. கடைசியில் அந்த ஆளுக்கு ஜெயில்தான்.

நான் சொல்ல வந்தது அந்த வெள்ளிக்கிழமையை.

தியாகராய நகர் பள்ளிக்கூடத்தில் ஹெட்மிஸ்ட்ரஸ் அம்மா கடிதத்தைப் பிரித்தார், படித்தார், எழுந்து நின்றார், கையெழுத்துப் போட்டார். எனக்கு ஒரு டீயும் சொன்னார். பத்து நிமிஷ வேலை. அடுத்த பஸ் பிடித்து அடையாறு போனேன்.

அங்கே பிரின்சிபால் சார் மூச்சு விடுவதற்குக்கூட நேரமில்லாத மனுஷன். மேசை முழுக்க ஆண்டு விழா அழைப்பிதழ். ஃபைல் அடுக்கி வைக்கிற இடத்தில் கலர் காகிதக் கிரீடம். கடிதத்தைப் படித்தார். மடித்தார். மறுபடி பிரித்துப் படித்தார். வாசல் பக்கம் தண்ணீர் ஜக்கோடு ஒரு ஆயா வந்து நின்றாள். மாடியிலிருந்து ஹார்மோனியச் சத்தம் கேட்டது. அந்த வாசிப்பை நான் எங்கே கேட்டாலும் கண்டுபிடிப்பேன்.

"ஆள் மேலயா கீறாரு?" என்றேன்.

"ரிகர்சல் நடக்குதும்மா. பத்து நாள்ல ஆண்டு விழா. பாட்டு எல்லாம் அவர்தான். இது வெறும் புகார்தானே, நிரூபிச்சாச்சா? லெட்டரை வச்சுட்டுப் போங்க, நான் பாக்கறேன்."

"கையெழுத்து வேணும் சார்."

"விழா முடியட்டும்."

"எனக்கு ஒண்ணும் அவசரம் இல்ல. கெளம்பும்போதே நாஷ்டா துண்ணுட்டுதான் வந்தேன்" என்று சொல்லிவிட்டு, அவர் சொல்லாமலே எதிர் நாற்காலியில் உட்கார்ந்தேன். இப்போது எனக்கு நாற்காலி பழக்கமாகிவிட்டதே.

"என்னம்மா நீங்க, மிரட்டறீங்களா?"

"மிரட்டல சார். நானும் உங்கள மாதிரிதான் இருந்தேன். மூணு வாரம் ஒரு புள்ளைய நானே தூக்கினு போய் அந்த ஆளாண்ட உட்டுட்டு வந்தேன். அது அழுதுச்சு, நான் மிட்டாய் குடுத்து வாய மூடுனேன். எனக்குத் தெரியாது, அதனால உட்டேன். நீங்க இப்ப படிச்சுட்டீங்க. உங்களுக்குத் தெரிஞ்சு போச்சு."

அவர் பேனாவை எடுத்தார், வைத்தார். வாசலில் நின்ற ஆயா என்னைப் பார்த்தாள். நான் அவளைப் பார்த்தேன். ஆயாவுக்கு ஆயா அதற்கு மேல் பேச்சு தேவையில்லை. ஜக்கைத் தரையில் வைத்தாள். கதவுக்குப் பின்னால் இருந்த துடைப்பத்தை எடுத்துக்கொண்டு மாடிப்படி ஏறினாள். பிறகு தெரிந்தது, அவள் பேர் சரசு, கோட்டூர்புரம்.

நாங்கள் இரண்டு பேரும் மேலே காதைக் கொடுத்து உட்கார்ந்திருந்தோம். கதவு திறக்கிற சத்தம். ஹார்மோனியம் பாதி வரியில் நின்றது. சரசு குரல் கீழே வரைக்கும் கேட்டது.

"ரூம் பெருக்கணும் சார். புள்ளைங்கள்லாம் கீழ வாங்க."

"இப்பவா? ரிகர்சல் நடக்கறது தெரியல?"

"இப்பத்தான் பெருக்கணும். பிரின்சிபால் சார் சொல்லிட்டாரு."

பிரின்சிபால் சார் அப்படி எதுவும் சொல்லவில்லை. அவர் என்னைப் பார்த்தார். நான் டெலிவரி நோட்டைத் திறந்து அவர் பக்கம் திருப்பி வைத்தேன். படிகளில் சின்னச் சின்னக் கால்கள் தடதடவென்று இறங்கின. அந்தச் சத்தம் முழுசாக இறங்கி முடியும்வரை கேட்டார். அப்புறம் பேனாவை எடுத்துக் கையெழுத்துப் போட்டார். சீலை இங்க் பேடில் இரண்டு தடவை அழுத்தி, நன்றாகவே குத்தினார்.

"நான் மேல போறேன்" என்று எழுந்தார். போனார். நேராகத்தான் போனார்.

அந்த வருஷம் அவர்கள் ஆண்டு விழாவை டேப் ரிக்கார்டரை வைத்து நடத்தினார்களாம். நடுவில் டேப் சிக்கிக்கொண்டு, கிரீடம் வைத்த பிள்ளைகள் பாட்டே இல்லாமல் கொஞ்ச நேரம் ஆடினார்களாம். கைதட்டல் அதற்குத்தான் அதிகம் என்று சரசு பிறகு சொன்னாள்.

நான் நோட்டைப் பையில் வைத்துக்கொண்டு வெளியே வந்தேன். வராந்தாவில் பிள்ளைகள் இடித்துக்கொண்டு வரிசையாக நின்றார்கள். ஒரு வாண்டுக்கு ரிப்பன் அவிழ்ந்து தோளில் தொங்கியது. என்னைக் கொஞ்சமும் தெரியாமலே முதுகைக் காட்டித் திரும்பி நின்றது, கட்டிவிடு என்று. கட்டினேன்.

"பாட்டு க்ளாஸ் முடிஞ்சுடுச்சா?" என்று கேட்டது.

"முடிஞ்சுடுச்சு."

"ஹை" என்று ஒரு குதி குதித்துவிட்டு மணல் பக்கம் ஓடிவிட்டது. அவள் பேர் எனக்குத் தெரியாது. நான் எதற்கு வந்தேன் என்று அவளுக்குத் தெரியாது. எங்கேயாவது நன்றாக இருப்பாள். தெரிந்துகொள்ளும்படி அவளுக்கு ஒன்றும் நடக்கவில்லை.